குணமானவள்

அஞ்சம்மாளுக்கு உடம்பு தேறிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மெட்ராஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. கார்டு போட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நோயாளிகளைப் பார்க்க உறவுக்காரர்கள் உள்ளே வரும்போது அவள் மரத்தடியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். எல்லாரும் போய்க் கதவு சாத்திய பிறகுதான் வார்டுக்குத் திரும்புவாள்.

ஓமந்தூருக்குப் பக்கத்து ஊரில் நடராசன் என்கிற விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். சொந்த நிலம், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. பிறந்த மாதமே அஞ்சம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு மாறியது. இது என் பிள்ளையே இல்லை, என் பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாள் மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் ஒரு பனைமரத்தடியில் படுக்கவைத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். புல் அறுக்கப் போனவள் ஒருத்தி பார்த்துக் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தாள். அன்றைக்கே வண்டி கட்டி அஞ்சம்மாளை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கோயில் பக்கத்தில் ஒரு குடிசையில் தூணோடு கட்டி வைத்து அமாவாசைக்கு அமாவாசை பூசை போட்டுப் பார்த்தார்கள். அவள் சாப்பாட்டையும் விட்டுவிட்ட பிறகு நடராசன் பயந்துபோய் மெட்ராஸுக்குக் கொண்டுபோனான். முதல் வருஷம் இரண்டொரு தடவை வந்து பார்த்தான். அப்புறம் வரவில்லை.

அவள் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் புது மாத்திரை வந்தது. அதைச் சாப்பிட்டால் நாக்கு வறண்டது, வெயிலில் நின்றால் தோல் எரிந்தது, கைகால் கனத்தது. ஆனால் காதில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது உள்ளே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் முதலில் திரும்பி வந்தது ஏரிக்கரைதான். பனைமரத்தடியில் தான் விட்டுவிட்டு வந்தது தன் பிள்ளைதான் என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது. அன்று முழுவதும் அழுதாள். நோய் திரும்பிவிட்டதோ என்று நர்சுகள் பயந்தார்கள். வார்டு நர்ஸ் லூர்துமேரி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போதுதான் உனக்கு நல்லாகியிருக்கிறது என்று சொன்னாள்.

லூர்துமேரி திண்டிவனத்துக்காரி. அவள் அப்பா ராயப்பன் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்து அவளை நர்சுக்குப் படிக்கவைத்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது கிறிஸ்துமஸுக்கு லீவில் ஊருக்குப் புறப்பட்டபோது, பெரிய டாக்டரிடம் கேட்டு, அஞ்சம்மாளையும் தன்னோடு ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து அஞ்சம்மாள் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நடக்கும், பேசும், இந்நேரம் பல் எல்லாம் முளைத்திருக்கும் என்றாள். பெயர் என்ன வைத்திருப்பார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பெயர் வைப்பதற்கு முன்பே அவளைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

திண்டிவனத்தில் இறங்கிப் புதுச்சேரி போகும் பஸ்ஸைப் பிடித்து, ரோட்டிலிருந்து இருவரும் நடந்து போனார்கள். வீட்டு வாசலில் ஒரு பெண் பிடுங்கிய மல்லாட்டைக் கொடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு வயதுப் பெண்குழந்தை பச்சைக் காயை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. புதிய ஆட்களைக் கண்டதும் அது எழுந்துபோய் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அம்சா, உள்ள போய் அப்பாவக் கூப்புடு" என்றாள் அந்தப் பெண்.

அப்படித்தான் அஞ்சம்மாள் தன் மகளின் பெயரைத் தெரிந்துகொண்டாள். அந்தப் பெண் யார் என்பதையும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் தாலி இருந்தது.

வீரம்மாள் என்பது அவள் பெயர். யார் வந்திருப்பது என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நடராசன் வெளியே வந்தவன் அஞ்சம்மாளைப் பார்த்து அப்படியே நின்றான். அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

"நீ திரும்பி வரமாட்டேன்னு சொன்னாங்க அஞ்சம்மா. அங்க போனவங்க யாரு வந்திருக்காங்க? கைக்கொழந்தய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

அவன் பொய் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கார்டு வந்தபோது வீரம்மாள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டான். லூர்துமேரி அவனிடம் கோபமாகப் பேச வாயெடுத்தபோது அஞ்சம்மாள் அவள் கையைப் பிடித்தாள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டாள். நடராசன் பதில் சொல்வதற்குள் வேலியோரம் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஏரிக்கரையில் விட்டவளிடம் பிள்ளையைக் கொடுக்காதே என்று ஒரு கிழவர் உரக்கச் சொன்னார். குழந்தை மிரண்டு அழுதது. அஞ்சம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, வந்த வழியே நடந்தாள்.

பிறந்த வீடு கண்டாச்சிபுரத்தில் இருந்தது. அப்பா அம்மா இல்லை, அண்ணன் தேவநாதன் மட்டும்தான். மல்லாட்டை அறுவடைக் காலம் என்பதால் அவன் விழுப்புரம் மண்டியில் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அன்று ராத்திரி லூர்துமேரி வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் விழுப்புரத்துக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் அவனைக் கண்டுபிடித்தாள். தங்கையைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. ஸ்டேஷன் எதிரில் இருந்த ஓட்டலுக்கு அழைத்துப் போய் இட்லி வாங்கி வைத்தான். நன்றாக இருக்கிறாயா, தூக்கம் வருகிறதா என்று கேட்டான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, வீட்டில் பெரிய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னான். இந்த நேரத்தில் நீ வந்து நின்றால் பெண் கேட்டு வருகிறவர்கள் வராமல் போய்விடுவார்கள் என்பதை அவன் வாயால் சொல்லவில்லை. அவளும் சொல்லவைக்கவில்லை. அவனே டிக்கெட் எடுத்துக் கொடுத்துத் திண்டிவனம் போகும் ரயிலில் ஏற்றிவிட்டான். வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தான்.

அன்றிலிருந்து அவள் லூர்துமேரியின் அப்பா ராயப்பன் வீட்டிலேயே இருந்தாள். குடியானவர் வீட்டுப் பெண் கூலிக்காரக் கிறிஸ்தவர் வீட்டில் சாப்பிடுகிறாள் என்று ஊரில் பேசினார்கள். இனி என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவள் அதைக் காதில் வாங்கவில்லை. லீவு முடிந்து கிளம்புவதற்கு முன் லூர்துமேரி அவளை டாக்டர் தேவசகாயத்திடம் அழைத்துப் போனாள். அவர் திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும், மாதாமாதம் மெட்ராஸ் போய்வர இவளால் முடியாது என்று லூர்துமேரி எடுத்துச் சொன்னாள். அந்த மருந்தைப் பற்றித் தான் படித்திருப்பதோடு சரி, கொடுத்துப் பழக்கமில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் மெட்ராஸ் பெரிய டாக்டருக்கு எழுதி, அளவு கேட்டு, மருந்தை வரவழைத்தார். டிஸ்பென்சரியைப் பெருக்கி, ஊசிகளை வெந்நீரில் போட்டு எடுக்கிற வேலையையும் அவளுக்குக் கொடுத்தார்.

கோடையில் ஒரு நாள் மரக்காணம் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றது. சுப்பராயலு என்கிற பெரியவர் தன் மகன் பெரியதம்பியைக் கயிற்றால் கட்டி மேல்மலையனூருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். வழியில் கயிறு அறுத்த மணிக்கட்டில் சீழ் பிடித்துவிட்டதால் மருந்து போட நிறுத்தினார். அஞ்சம்மாள் புண்ணைக் கழுவினாள். பெரியதம்பி அவளைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பேசிக்கினே இருக்காங்களா?" என்று அவள் கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "ஒனக்கும் கேக்குதா?"

"முன்ன கேட்டுது. இப்ப கேக்கறதில்ல."

சுப்பராயலு கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். நீ மெட்ராஸில் இருந்துவிட்டு வந்தவளா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படிப் போய்த் திரும்பி வந்த ஒருவரை அவர் தம் வாழ்நாளில் அதுவரை பார்த்ததில்லை. வண்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டாயிற்றே, போகாமல் இருக்க முடியாதே என்றார்.

"போய்ட்டு வாங்க. அம்மா வேணாம்னா சொல்லப்போறா? டாக்டரய்யா குடுக்கற மாத்திரயையும் எடுத்துக்கினு போங்க. கயித்த மட்டும் அவுத்துடுங்க" என்றாள் அஞ்சம்மாள்.

டாக்டர் இவளுக்கு எழுதியதுபோலவே பெரியதம்பிக்கும் மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டு மருந்து கொடுத்தார். அவன் முழுதாகச் சரியாகவில்லை. ஆனால் மழைக்காலத்துக்குள் உப்பளத்தில் வேலைக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டான். சுப்பராயலு மூலம் விஷயம் பரவியது. இன்ன வீட்டில் ஒரு பெண் அறையில் பூட்டிக் கிடக்கிறாள், இன்ன ஊரில் ஒரு பையன் கிணற்றடியை விட்டு நகரமாட்டேன் என்கிறான் என்று ஆட்கள் வந்து மெல்லச் சொன்னார்கள். சொன்னார்களே தவிர யாரும் அழைத்து வரவில்லை. பைத்தியத்துக்கு மருந்து வாங்கப் போகிறார்கள் என்று ஊர் பேசும் என்ற பயம். அதற்கும் சுப்பராயலுதான் வழி சொன்னார். சந்தை நாளில் வண்டி கட்டிக்கொண்டு வந்தால் எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். அதன்பிறகு டாக்டர் ஒவ்வொரு சந்தை நாள் மத்தியானத்தையும் இவர்களுக்கென்றே ஒதுக்கினார். கத்தரிக்காய்க் கூடையும் கோழியுமாக வந்து பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகளைப் பற்றி, மனைவிகளைப் பற்றி, ஒருவருக்கொருவர் முதல்முறையாக வாய்விட்டுப் பேசினார்கள்.

வராதவர்களைத் தேடி அஞ்சம்மாள் போனாள். அமாவாசையில் மேல்மலையனூருக்கும் போவாள். முதல் தடவை போனபோது தன்னைக் கட்டியிருந்த குடிசை இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கே தேங்காய்க் கடை வந்திருந்தது. கடைக்காரியிடம் ஒரு தேங்காய் வாங்கி, அம்சா நன்றாக இருக்க வேண்டும் என்று உடைத்துவிட்டு, கூட்டத்தில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வேலையாக ஓமந்தூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் இடது ஜன்னலோரம் இடம் பிடிப்பாள். ரோட்டிலிருந்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் தெரியும். மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளில் எது அம்சா என்று பஸ் போகிற வேகத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஏதோ ஒன்றை அம்சா என்று வைத்துக்கொள்வாள். இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளை மிரண்டு அழுத முகம் அவளைத் தடுத்துவிடும். லீவில் வருகிற லூர்துமேரி, ஒரு தடவை போய்த்தான் பாரேன் என்பாள். "அது சிரிக்கிற மாதிரி நெனச்சிக்கினு இருக்கேன் சிஸ்டர். போய் அத அழிச்சிக்கினு வர வேணாம்" என்பாள் இவள்.

அறுபத்து மூன்றில் ஒரு சந்தை நாளன்று பெஞ்சின் கடைசியில் நடராசன் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் போகும்வரை துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். வீரம்மாளுக்கு ஆண்பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது என்றான். அவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதுகூடக் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்கிறாள்.

"ஒரு தடவ வண்டி கட்டிக் கூட்டிக்கினு போய் விட்டுட்டு வந்துட்டேன் அஞ்சம்மா. இன்னொரு தடவ என்னால ஆவாது. நீ வா."

அந்த நொடியில் மனதுக்குள் ஓடியதை அஞ்சம்மாள் பிறகு லூர்துமேரியிடம் மட்டும் சொன்னாள். முதலில் சந்தோஷமாக இருந்தது என்றாள். அடுத்த மூச்சிலேயே, தூக்கமில்லாமல் கிடக்கிற ஒருத்தியின் கண் எப்படி எரியும் என்பது நினைவுக்கு வந்துவிட்டது என்றாள்.

அன்றைக்கே டாக்டரும் அவளும் போனார்கள். வீரம்மாள் மூலையில் சுருண்டு கிடந்தாள். அஞ்சம்மாளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "ஒன் எடத்துக்கு வந்த பாவம்க்கா, அதான் எனக்கும் வந்துடுச்சி" என்று அழுதாள். பாவமும் இல்லை, சாபமும் இல்லை, பிள்ளை பெற்ற உடம்புக்கு வருகிற நோய் இது, எனக்கு வந்தது ஒரு விதம், உனக்கு வந்தது ஒரு விதம் என்று அஞ்சம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார். இவளைத் தனியாக விடக்கூடாது, யாராவது எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். வேலியோரம் இந்தத் தடவையும் ஆட்கள் கூடினார்கள். நடராசன் வெளியே போய், என் வீட்டு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வேலிப் படலைச் சாத்தினான்.

அப்படித்தான் அஞ்சம்மாள் தன் மகள் இருக்கிற வீட்டில் இரண்டு மாதம் இருந்தாள். வீரம்மாளைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். அம்சா எட்டு வயதுப் பெண்ணாக வளர்ந்திருந்தாள். முதலில் தூர நின்று பார்த்தாள். பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சீப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அஞ்சம்மாள் அந்தத் தலையை வாரிய நேரத்தில் இரண்டு தலை வாரியிருக்கலாம். ஜல்தியா பின்னு பெரியம்மா என்று பிள்ளை நச்சரித்தது. பின்னி முடித்த கையில் ஒட்டியிருந்த எண்ணெயை அவள் கழுவாமலே அடுப்படிக்குப் போனாள்.

வீரம்மாள் மெல்லத் தெளிந்தாள். சாப்பாடு கேட்டாள், பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாக நடமாட ஆரம்பித்ததும் அவள் செய்த முதல் காரியம், அம்சாவை உட்காரவைத்து உண்மையைச் சொன்னது. அஞ்சம்மாளிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. மறுநாள் அஞ்சம்மாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அம்சா வந்து நின்றாள்.

"என்ன ஏரிக்கரையில வுட்டுட்டு வந்தியாமே?"

அஞ்சம்மாள் துணியைக் கல்லில் வைத்தாள். "ஆமா."

"ஏன்?"

"எனக்கு ஒடம்பு சரியில்ல. நீ என் கொழந்தன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்சப்ப நீ தூரமா இருந்தே."

அம்சா அதை யோசித்தாள். இப்போது அம்மாவுக்கு வந்ததும் அந்த நோய்தானா என்று கேட்டாள். அதுபோல ஒன்றுதான் என்றாள் அஞ்சம்மாள். அம்மா தம்பியை ஏரிக்கரையில் விடவில்லையே என்றாள் பிள்ளை. "நாங்க பக்கத்துல இருந்தோம். எனக்குப் பக்கத்துல இருக்கணும்னு அப்ப யாருக்கும் தெரியல" என்றாள் அஞ்சம்மாள். அலசிய பாவாடையின் ஒரு முனையை அம்சா பிடித்துப் பிழிய உதவி செய்துவிட்டு ஓடிப்போனாள்.

இங்கேயே இருந்துவிடு அக்கா என்று வீரம்மாள் கேட்டாள். நடராசனும் வடக்குப் பக்கத்து அறையை ஒழித்துத் தருகிறேன் என்றான். அவர்கள் மனதாரத்தான் கேட்டார்கள். அஞ்சம்மாள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அவள் இத்தனை வருஷம் ஏங்கியது இதற்குத்தான். மறுநாள் புடவையை மடித்துப் பையில் வைத்தாள். ஏன் என்று வீரம்மாள் கேட்டபோது, மருந்துக்கு வருகிறவர்கள் காத்திருப்பார்கள் என்றாள். வீரம்மாள் நம்பவில்லை. மறுபடி கேட்டாள்.

"அது அம்மான்னு கூப்புடும்போதெல்லாம் நான் திரும்பிப் பாக்கறேன் வீரம்மா. அது ஒன்னத்தான் கூப்புடுது. தெனம் தெனம் என்னால திரும்பிப் பாத்துக்கினு இருக்க முடியாது."

வீரம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பஸ் ரோடு வரை கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

அதற்குப் பிறகு டிஸ்பென்சரியின் பின்பக்கத்து அறை போதாமல் டாக்டர் ஒரு தாழ்வாரம் இறக்கினார். லூர்துமேரி மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள். வீரம்மாளே சந்தை நாட்களில் வந்து, பிள்ளை பெற்ற பெண்களிடம் தனக்கு நேர்ந்ததைச் சொல்வாள். கண்டாச்சிபுரத்திலிருந்து தேவநாதன்கூட, பெண் கல்யாணம் முடிந்த பிறகு, ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து தங்கையைப் பார்த்துவிட்டுப் போனான். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டான். அவளும் ஒரு பொங்கலுக்குப் போய் வந்தாள்.

அறுபத்தாறில் அம்சாவைத் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தினமும் பஸ்ஸில் வந்து போனாள். சில நாட்கள் மத்தியான இடைவேளையில் அஞ்சம்மாளின் அறைக்கு வந்து சாப்பிடுவாள். வரும் நாள் இது என்று கிடையாது. சிநேகிதிகளோடு போய்விடுவாள், பரீட்சை என்பாள், சில சமயம் காரணம் எதுவும் இருக்காது. அதனால் அஞ்சம்மாள் தினமும் இரண்டு பேருக்குச் சமைத்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காராமணிக் குழம்பு வைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். மத்தியான இடைவேளைக்கு மணி அடித்து நீலப் பாவாடைகள் தெருவில் போயின. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இடைவேளை முடிந்து மறுமணி அடிக்கிற சத்தமும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தட்டில் போட்டுத் தான் சாப்பிட்டாள். மீதியை மூடிவைத்தாள். ஆவணிப்பூரில் ஒருவன் போன சந்தைக்கு மாத்திரை வாங்க வரவில்லை. வெயில் தோலைச் சுடாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அவனைப் பார்த்துவர பஸ்ஸுக்கு நடந்தாள்.